பரீட்சை அட்டையும் கையுமாக

படம் தொடங்கி இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. கையில்லாத ஸ்வெட்டர் போட்ட, மீசை வைத்த அலுவலர் ஒருவர் தகரக் கொட்டகையின் கதவைத் தட்டுகிறார். கையில் பரீட்சை அட்டை, அதில் செருகிய நோட்டீஸ். உள்ளேயிருந்து வெளியே வருவது மனிதர் அல்ல. ஆளைவிட உயரமாக, இறாலையும் வெட்டுக்கிளியையும் சேர்த்துச் செய்ததுபோல் ஒரு உயிர். காலி செய்யச் சம்மதம் என்று இங்கே கையெழுத்துப் போடு என்கிறார் அவர். அது அட்டையை ஓங்கித் தட்டிவிடுகிறது. தாளில் ஒரு கீறல் விழுகிறது. அவருக்கு முகமெல்லாம் மகிழ்ச்சி. அந்தக் கீறலையே கையெழுத்தாக எடுத்துக்கொள்ளலாம் என்று காமிராவைப் பார்த்து விளக்குகிறார்.

அரங்கம் வாய்விட்டுச் சிரித்தது. 2009 செப்டம்பர், ஜோகன்னஸ்பர்க்கின் வடபகுதியில் ஒரு மால். அலுவலகத்திலிருந்து ஏழெட்டுப் பேர் சேர்ந்து போயிருந்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது. அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு நானும் வீடு வீடாக நடந்திருக்கிறேன்.

2001இல் பொறியியல் முடித்து வெளியே வந்தபோது மென்பொருள் நிறுவனங்கள் ஆள் எடுப்பதை நிறுத்தியிருந்தன. சென்னையில் கூவம் கரையோரக் குடிசைகளைக் கணக்கெடுக்கும் ஒப்பந்த வேலை நான்கு மாதத்துக்குக் கிடைத்தது. நாளைக்கு நூற்றிருபது ரூபாய். குடிசைக்கு ஒரு படிவம், ஒரு எண். நான் எழுத, இன்னொருவன் சிவப்பு பெயின்ட் டப்பாவோடு பின்னால் வருவான். அவன் வராத நாளில் எண்ணையும் நானே போடுவேன். எங்கள் தலையைப் பார்த்ததும் குழந்தைகள் "நம்பர் போட வந்துட்டாங்க" என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். பெரியவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எப்போ தூக்குவீங்க?"

பாலத்தின் கருங்கல் சுவரையே முதுகுச் சுவராக வைத்துத் தார்ப்பாய் போட்டு இருந்தது ஒரு வீடு. அறுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு அம்மா தனியாக இருந்தார். இட்லிக்கார ஆயா என்றால் அந்தக் கரை முழுக்கத் தெரியும். காலை நாலரைக்கு அடுப்பு பற்றவைத்து, மார்க்கெட்டுக்குப் போகும் மூட்டைக்காரர்களுக்கும் ரிக்‌ஷாக்காரர்களுக்கும் இட்லி விற்பார். ரேஷன் கார்டில் இருந்த பெயரை நான் வாசித்தபோது, "அது யாரு?" என்று சிரித்தார். யாரோ எப்போதோ எழுதிக்கொண்ட பெயர். அதையேதான் நானும் படிவத்தில் எழுதினேன்.

சம்மதத்துக்குக் கைரேகை வேண்டும். அவர் அப்போது மாவு கரைத்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்றார். மேற்பார்வையாளர் அவசரப்பட்டார். நான் அட்டையை நீட்டினேன். மாவு ஒட்டிய பெருவிரலை வைத்தார், தாளில் வெள்ளையும் ஊதாவுமாக ஒரு திட்டு விழுந்தது. "விழுந்துடுச்சுல்ல, போதும்" என்றார் மேற்பார்வையாளர். "ஆயா, அங்கே பக்கா வீடு, கரன்ட்டு, தண்ணி எல்லாம் இருக்கு" என்றேன் நான். அதைத்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

"அங்கேர்ந்து விடியக்காலம் நாலு மணிக்கு எந்த பஸ்ஸு வரும் நைனா?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

எட்டு வருடம் கழித்து, கடல் கடந்த ஒரு ஊரின் இருட்டு அரங்கில், அந்த மாவுக் கை திரும்பி வந்தது.

படத்தின் பெயர் 'டிஸ்ட்ரிக்ட் 9'. ஜோகன்னஸ்பர்க்கில் 1979இல் பிறந்து, பதினெட்டு வயதில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த நீல் ப்ளோம்கேம்ப் இயக்கிய முதல் முழுநீளப் படம். தயாரித்தவர் பீட்டர் ஜாக்சன். 1982இல் ஜோகன்னஸ்பர்க் வானத்தில் ஒரு மாபெரும் விண்கலம் வந்து அப்படியே நின்றுவிடுகிறது. படையெடுப்பு எதுவும் இல்லை. கலத்தைத் துளைத்து உள்ளே போனால், பட்டினியால் ஒடுங்கிய உயிர்கள். அவற்றைக் கீழே இறக்கி முகாம் போடுகிறார்கள். முகாம் சேரியாகிறது. இருபத்தெட்டு வருடம் கழித்து, நகரத்து மக்கள் பொறுமையிழக்க, அவற்றை வெகுதூரம் தள்ளிப்போட ஒரு தனியார் நிறுவனத்திடம் பொறுப்பு தரப்படுகிறது. வீடு வீடாகப் போகும் அந்த நிறுவனத்து ஆள்தான் விக்கஸ் வான் டெ மெர்வே. அரங்கு அவ்வளவு சிரித்ததற்குப் பெயரும் ஒரு காரணம். ஆஃப்ரிகானர்களை மண்டுகளாக்கிச் சொல்லும் ஜோக்குகளில் எல்லாம் நாயகன் பெயர் வான் டெர் மெர்வேதான். நம் ஊரில் சர்தார்ஜி ஜோக் சொல்வார்களே, அந்த மாதிரி.

ஷார்ல்ட்டோ கோப்ளி அந்த விக்கஸைக் கெட்டவனாக நடிக்கவில்லை. படத்தின் பலம் இது என்று இன்றும் நினைக்கிறேன். மனைவிமேல் உயிராக இருக்கிறான், மாமனார் தந்த பதவி உயர்வில் பூரிக்கிறான். அதே மனிதன் ஒரு கொட்டகைக்குள் முட்டைகள் வளர்வதைக் கண்டதும் அவற்றுக்கு உணவூட்டும் குழாயைப் பிடுங்கி, கொட்டகையோடு கொளுத்தச் சொல்லி, வெடிக்கும் சத்தத்தைச் சோளப்பொரி மாதிரி இருக்கிறது என்று ரசிக்கிறான். கிறிஸ்டபர் ஜான்சன் என்ற வேற்றுயிர் மட்டும் நோட்டீஸைப் படித்துப் பார்த்து, இது சட்டப்படி செல்லாது என்கிறது. உடனே விக்கஸ் பேச்சை மாற்றுகிறான்: குழந்தை வளரும் இடமா இது, குழந்தையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லவா? குரல் உயரவில்லை. அந்தத் தொனி எனக்குப் பழக்கமானது. கையெழுத்துப் போடாவிட்டால் உங்கள் பெயர் பட்டியலில் வராது, வீடு கிடைக்காது என்று நாங்களும் அப்படித்தான் சொல்வோம். மிரட்டுகிறோம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. உதவி செய்கிறோம் என்றே நம்பினேன்.

கிறிஸ்டபர் ஜான்சன் என்ற பெயரையும் அந்த உயிர் தானாக வைத்துக்கொண்டிருக்காது. ஏதோ ஒரு படிவத்துக்காக ஏதோ ஒரு எழுத்தர் வைத்தது.

நான் ஜோகன்னஸ்பர்க்குக்கு வந்தது 2008 தொடக்கத்தில். சான்டனில் அலுவலகம், கண்ணாடிக் கட்டடங்கள். நெடுஞ்சாலைக்கு அந்தப்பக்கம் சில கிலோமீட்டரில் அலெக்சாண்ட்ரா. தகரமும் செங்கல்லும் நெருக்கியடிக்கும் கறுப்பர் குடியிருப்பு. அந்த மே மாதம் 11ஆம் தேதி அங்கேதான் வன்முறை தொடங்கியது. ஜிம்பாப்வே, மொசாம்பிக் போன்ற நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்களைத் தேடித் தேடி அடித்தார்கள், கொளுத்தினார்கள். சில நாளில் நாடு முழுக்கப் பரவியது. 62 பேர் செத்தார்கள். எங்கள் அலுவலகத்தில் துடைத்துப் பெருக்கும் ஜிம்பாப்வேக்காரர் இருவர் இரண்டு வாரம் வரவில்லை. ஒருவர் திரும்பி வந்தார். இன்னொருவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

யார் அந்நியர் என்று கண்டுபிடிக்கக் கும்பல் வைத்திருந்த சோதனை ஒன்று அப்போது எல்லார் வாயிலும் இருந்தது. முழங்கையைத் தொட்டுக் காட்டி, ஜூலு மொழியில் இதற்கு என்ன என்று கேட்பார்கள். இன்டொலொல்வானே என்று சரியாகச் சொன்னால் தப்பிக்கலாம். அன்றாடப் பேச்சில் முழங்கை எத்தனை முறை வரும்? வடக்கே லிம்போபோ பக்கத்திலிருந்து வந்த, வேறு மொழி பேசும் தென்னாப்பிரிக்கர்களும் மாட்டிக்கொண்டார்கள். இறந்த 62 பேரில் 21 பேர் அந்த நாட்டுக் குடிமக்களே. கறுப்பு அந்நியர்களைக் குறிக்கும் வசைச்சொல் மக்வெரெக்வெரே. அவர்கள் பேசுவது க்வெரெ க்வெரெ என்று புரியாத சத்தமாகக் கேட்கிறதாம். படத்து வேற்றுயிர்கள் பேசுவதும் அப்படித்தான், தொண்டைக்குள் கடகடவென்று.

இது தற்செயல் இல்லை என்று பிறகு தெரிந்தது. 'டிஸ்ட்ரிக்ட் 9'க்கு முன்னால் ப்ளோம்கேம்ப் 'அலைவ் இன் ஜோபர்க்' என்று ஆறு நிமிடக் குறும்படம் எடுத்திருந்தார். அதில் தெருவில் போகிறவர்கள் காமிரா முன் நின்று வேற்றுயிர்களைத் திட்டுவார்கள். நடிப்பு என்றே தெரியாது. அவர் அவர்களிடம் கேட்டது நைஜீரியாவிலிருந்தும் ஜிம்பாப்வேயிலிருந்தும் வந்தவர்களைப் பற்றி. அந்தப் பதில்களை அப்படியே வேற்றுயிர்களுக்குப் பொருத்திவிட்டார். ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

முழுநீளப் படத்தை எடுத்த இடம் சொவேட்டோவின் சியாவெலோ. அங்கிருந்த மக்களை அரசு கட்டிய வீடுகளுக்கு மாற்றிக்கொண்டிருந்த நேரம் அது. படத்தில் தெரிபவற்றில் கிறிஸ்டபரின் கொட்டகை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நிஜக் கொட்டகைகள். மனிதர்கள் குடியிருந்து, காலி செய்துகொண்டிருந்தவை. இதைப் படித்த அன்று படத்தை இரண்டாம் தடவை பார்த்தேன். இம்முறை வேற்றுயிர்களை விட்டுவிட்டுப் பின்னணியையே பார்த்தேன். தகரத்தில் ஆணி அடித்த விதம், கூரைமேல் வைத்த கல், கயிற்றில் தொங்கிய துணி.

படத்தை நான் கொண்டாடுகிறேன் என்றாலும் அதன்மேல் எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு. அந்தச் சேரியில் நைஜீரியக் கும்பல் ஒன்று வருகிறது. ஆயுதம் கடத்துகிறார்கள், மோசடி செய்கிறார்கள், சக்தி வருமென்று வேற்றுயிரின் சதையைத் தின்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது மனைவி, குழந்தை, ஒரு நல்ல சொல் கிடையாது. தலைவன் பெயர் ஒபெசான்ஜோ. நைஜீரியாவின் முன்னாள் அதிபர் ஒபாசான்ஜோவின் பெயரோடு ஒட்டி நிற்கிறது. நைஜீரியத் தகவல் அமைச்சர் டோரா அக்குன்யிலி தம் நாட்டுத் திரையரங்குகளில் படத்தை நிறுத்தச் சொன்னார். அவர் கோபம் நியாயமானது. முதல் வருடம் எங்கள் தெருமுனையில் முடிவெட்டும் கடை வைத்திருந்தவர் ஒரு நைஜீரியர். கண்ணாடியில் மகளின் பள்ளிக்கூடப் படத்தை ஒட்டியிருப்பார். அவர் இந்தப் படத்தை எப்படிப் பார்ப்பார்? இறாலுக்கு இரங்கக் கற்றுத் தந்த இயக்குநர், தெருவில் அடிவாங்கிய மனிதர்களுள் ஒரு கூட்டத்தைப் பேயாக்கிவிட்டார். இதைச் சின்னக் குறை என்று என்னால் தள்ள முடியவில்லை. 62 பேர் செத்து ஒரு வருடம் முடிந்த கையோடு வந்த படம் அது.

முதல் தடவை படம் பார்த்த அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கேப்டவுன்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்த பெண். நிறவெறி அரசு 'கலர்டு' என்று முத்திரை குத்திய சமூகம். படம் முடிந்து காப்பி குடிக்கப் போனோம். "பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "எங்கள் அம்மாவின் வீட்டிலிருந்து" என்றார்.

கேப்டவுனில் மலையடிவாரத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தது டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ். மலாய் முஸ்லிம்கள், கறுப்பர்கள், கலப்பினத்தார், யூதர்கள், இந்தியர்கள் என்று எல்லாரும் கலந்து வாழ்ந்த பகுதி. 1950இன் குழுப் பகுதிகள் சட்டப்படி, 1966 பிப்ரவரி 11 அன்று அதை வெள்ளையர் பகுதி என்று அறிவித்தார்கள். அடுத்த பதினைந்து வருடங்களில் 60,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். வீடுகள் புல்டோசரில் போயின. காற்று மணலை வாரியடிக்கும் கேப் ஃப்ளாட்ஸ் சமவெளியில் கொண்டுபோய் இறக்கினார்கள். அவர் அம்மா ஹானோவர் தெருவில் பிறந்தவர். இறக்கப்பட்ட இடத்தின் பெயர் ஹானோவர் பார்க். "அம்மா நகரத்தில் ஒரு தையல் தொழிற்சாலையில் இருந்தாள். முன்பு நடந்தே போவாள். பிறகு விடியற்காலை இருட்டிலேயே கிளம்ப வேண்டியிருந்தது. எங்களை எழுப்பியது எப்போதும் பக்கத்து வீட்டு அக்காதான்" என்றார்.

நாலு மணிக்கு எந்த பஸ் வரும்? நான் என் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பறிகொடுத்தவர்களின் பக்கம் நின்று நான் பேச முடியாது. என் இடம் விக்கஸ் பக்கம். அவர் ஊருக்குப் போய்விட்டார், நானும் ஊர் மாறிவிட்டேன். இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

அந்த டிசம்பர் விடுமுறையில் கேப்டவுன் போனேன். பழைய மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்றில் 1994இல் தொடங்கிய டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் மியூசியம் இருக்கிறது. தரை முழுக்க அந்தப் பகுதியின் பெரிய வரைபடம். அங்கே வாழ்ந்தவர்கள் வந்து தங்கள் வீடு இருந்த இடத்தில் தங்கள் கையாலேயே பெயர் எழுதியிருக்கிறார்கள். குனிந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். யார் கையிலும் பரீட்சை அட்டை இல்லை. மேலே வரிசையாகத் தெருப்பலகைகள் தொங்கின. இடிப்பு வேலையில் இருந்தவர் ஒருவர் எறியச் சொன்ன பலகைகளை எறியாமல் பதுக்கிவைத்து, பல வருடம் கழித்துக் கொடுத்தவையாம். அந்த மனிதரைப் பற்றி அடிக்கடி நினைக்கிறேன். இடிக்கவும் செய்தார், பலகையையும் காப்பாற்றினார்.

மியூசியத்தில் வழிகாட்டியாக இருந்த நூர் இப்ராஹிம், தாம் வளர்த்த புறாக்களைப் பற்றி எழுதியும் சொல்லியும் இருக்கிறார். வீடு இடிபட்டு ஆத்லோன் பகுதிக்குப் போனபோது புறாக்களையும் கூண்டோடு கொண்டுபோனார். சில மாதம் பழக்கிவிட்டுத் திறந்துவிட்டார். மாலையில் ஒன்றும் திரும்பவில்லை. மறுநாள் பழைய இடத்தின் வழியாகப் போகும்போது பார்த்தால், வீடு இருந்த வெற்று மண்ணில் எல்லாம் உட்கார்ந்திருந்தன.

மியூசியத்திலிருந்து மேட்டில் ஏறிப் போனால் புல்லும் கல்லுமாக வெற்றிடம். வெள்ளையருக்கென்று பிடுங்கிய நிலத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியும் சில கட்டடங்களும் எழுந்ததோடு சரி. ஜோன்னெப்ளூம் என்று பெயரை மாற்றியிருந்தார்கள். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பெயர் சட்டப்படி திரும்பியது 2019இல்தான்.

அதன்பின் 'டிஸ்ட்ரிக்ட் 9' வகைப் படங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். 1988இல் வந்த 'ஏலியன் நேஷன்' கதை கிட்டத்தட்ட இதேதான். அடிமைகளை ஏற்றிவந்த கலம் கலிஃபோர்னியப் பாலைவனத்தில் இறங்குகிறது, மூன்று லட்சம் பேர் லாஸ் ஏஞ்சலஸில் குடியேறுகிறார்கள். வந்தவர்களில் ஒருவருக்கு அதிகாரிகள் வைத்த பெயர் சாம் ஃபிரான்சிஸ்கோ, ஊர்ப் பெயரின் கேலி. அந்த முதல் அரைமணி நேரம் அருமை. பிறகு இரண்டு போலீஸ்காரர்கள் போதைமருந்துக் கும்பலைத் துரத்தும் படமாகிவிடுகிறது.

என்னைப் பிடித்து உலுக்கியது 1984இல் ஜான் சேல்ஸ் மிகக் குறைந்த செலவில் எடுத்த 'தி பிரதர் ஃப்ரம் அனதர் பிளானட்'. வேற்றுக்கோளிலிருந்து தப்பி வந்த அடிமை ஒருவன் நியூயார்க்கில் எல்லிஸ் தீவருகே விழுகிறான். குடியேற வந்தவர்கள் இறங்கிய பழைய கட்டடத்தின் சுவரைத் தொட்டால் அவனுக்கு அங்கே அழுதவர்களின் குரல் கேட்கிறது. அவன் ஊமை. ஜோ மார்ட்டன் கண்ணாலேயே நடிக்கிறார். பார்க்க ஒரு கறுப்பின மனிதன், காலில் மூன்று விரல், அவ்வளவுதான் வித்தியாசம். கறுப்பர் குடியிருப்பான ஹார்லெமில் அவனை யாரும் வேற்றாளாகவே நினைக்கவில்லை. மதுக்கடையில் இடம் கொடுக்கிறார்கள், வேலை வாங்கித் தருகிறார்கள். ரயிலில் ஒரு வெள்ளை இளைஞன் சீட்டு வித்தை காட்டுகிறான். கடைசி வித்தையாக, வெள்ளையரை எல்லாம் மாயமாக்கிக் காட்டட்டுமா என்கிறான். 59ஆம் தெருவில் ரயில் நிற்கிறது. வெள்ளையர் அத்தனை பேரும் இறங்கிப்போகிறார்கள். அடுத்த நிறுத்தம் 125ஆம் தெரு, ஹார்லெம்.

இதைப் பார்த்தபின் எனக்குள் ஒரு சந்தேகம் வலுத்தது. நிறவெறியும் சாதியும் பல காலமாகச் சொல்லிவரும் பொய், எதிரே நிற்பவன் வேறு பிறவி என்பது. வேற்றுயிரை வைத்துப் படமெடுக்கும்போது அந்தப் பொய் திரையில் உண்மையாகிவிடுகிறது: கொடுக்கும் கொம்பும் உள்ள ஒன்று, பூனை உணவுக்கு அலையும் ஒன்று. முதலில் அருவருக்கவைத்து, பிறகு இரங்கவைக்கிறது 'டிஸ்ட்ரிக்ட் 9'. இரக்கம் எனக்குள் வந்தது நிஜம். ஆனால் இட்லிக்கார ஆயா அருவருக்கும்படி ஒருநாளும் இருந்ததில்லை. நேரே என் கண்ணைப் பார்த்து, எனக்குப் புரிந்த தமிழில், நியாயமான ஒரு கேள்வி கேட்டார். அப்போது எனக்கு இரக்கம் வரவில்லை. அது உறைக்க எனக்கு ஒரு விண்கலம் தேவைப்பட்டது. சேல்ஸின் படம் அந்தச் சுற்றுவழியில் போகவில்லை. அதனால் அதையே உயர்ந்த படம் என்பேன். என்னை மாற்றிய படம் எது என்றால் மற்றதுதான்.

2011இல் சென்னை திரும்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் கணக்கெடுத்த குடும்பங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த குடியிருப்புக்குப் போனேன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஏறி, கணினி நிறுவனங்களைத் தாண்டி, உள்ளே. வரிசை வரிசையாக ஒரே மாதிரி மாடிகள். அந்தக் கரைக்காரர்கள் சிலர் இன்னும் இருந்தார்கள். இட்லிக்கார ஆயாவைக் கேட்டேன். "அது இங்க எங்க சார் இருந்துச்சு? ரெண்டு மாசம்தான். பஸ்ஸும் இல்ல, யாவாரமும் இல்ல. பாலத்தாண்டயே போய்டுச்சு. பிளாட்பாரத்துலதான் படுத்துக் கெடந்து கடை போட்டுச்சு" என்றார் ஒரு பெண். இப்போது இருக்கிறாரா என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடியற்காலை நாலரைக்குப் பாலத்துக்குப் போனேன். நடைபாதையில் வேறு யாரோ ஒரு இளைஞன் டீ விற்றுக்கொண்டிருந்தான். அந்த அம்மாவைத் தனக்குத் தெரியாது என்றான். படியிறங்கிக் கரைக்குப் போனேன். தார்ப்பாய் இல்லை, அடுப்பு இல்லை, வேலிக்காத்தான் மண்டிக் கிடந்தது. கருங்கல் சுவரில் சிவப்பு பெயின்ட் மங்கியிருந்தது. எண் 147. ஏழின் நடுவே குறுக்காக ஒரு சின்னக் கோடு. ஏழை அப்படி எழுதுவது என் வழக்கம்.